இரவல் ஸ்பீக்கர்

அத்தியாயம் 14

டீச்சர் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போன இடத்தில் போன வாரம் நின்றோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே!

டீச்சர் நாள் முழுக்க மழலைப் பள்ளியில் கத்திவிட்டு வருகிறாள். அவள் கணவன் நாள் முழுக்க லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறிவிட்டு வருகிறான். கொழுந்தன் நாள் முழுக்க பார்சல் வேன் ஓட்டிவிட்டு வருகிறான். சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் பதில் இல்லை. கேட்டால் அவர்களும் முழிப்பார்கள்.

கொழுந்தனுக்கு 'இடி' என்று பெயர் விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ட்ரம்ஸ் வாசிக்கிறான் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. அவன் கதவைச் சாத்தினாலும் சரி, தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாலும் சரி, வீடே திரும்பிப் பார்க்கும். அவன் அண்ணன் கீபோர்டு. அவனை எல்லாரும் 'மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெண்டாட்டி உட்பட. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிசயம்.

போன வாரச் சண்டைக்குக் காரணம் இடியின் வாய்தான். "அண்ணி, முன்ன மாதிரி உங்க குரல் எழும்பவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, மைக் சொருகும் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சத்தத்தை முழுக்கத் திருகினான். பெட்டி 'கூ' என்று ஊளையிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"நான் பாடறது எனக்கே கேக்கல. கேக்காத குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டுத்தான் டீச்சர் எழுந்து போனாள்.

ஆனால் கோபத்தை ஆறப் போட்டுக்கொண்டு உட்கார முடியாத நிலைமை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் மேனேஜர் வருகிறார். அவருடைய ஹோட்டலில் வாரா வாரம் சாயங்காலம் பாட ஒரு குழு வேண்டுமாம். "மேடையில எல்லாரும் நல்லாத்தான் பாடுவாங்க. நான் ஒத்திகையிலயே வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

டீச்சருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆடு மாடு பாட்டும், வரிசையில் நிற்கிற பாட்டும் பாடுவதற்கு மட்டுமா கடவுள் இந்தக் குரலைக் கொடுத்தார் என்று அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மேனேஜர் சரி என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அவள் பாடகி. வேண்டாம் என்றால், இடி அடுத்த வார்த்தையாக என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். போன வாரமே நாக்கு நுனி வரை வந்ததுதான் அது: வேற யாரையாவது பாட வச்சுப் பார்ப்போமா?

சனிக்கிழமை காலையில் அவளே சொன்னாள். "வாங்க, போய் ஒரு நல்ல ஸ்பீக்கர் பார்த்துட்டு வருவோம். நான் பாடறது எனக்குக் கேட்டா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"எதுக்கு இப்ப அவசரம்?" என்றான் மெக்கானிக். "இருக்கறதை வச்சு ஓட்டலாமே."

"இருக்கறதை வச்சு ஓட்டித்தான் இந்த லட்சணம்."

இடி வேன் சாவியை எடுத்துச் சுழற்றினான். அவனுக்குக் கடைக்குப் போவதென்றால் கொண்டாட்டம்.

*

கடைக்காரர் சோர்ந்து போன மனிதர். வாடிக்கையாளரைப் பார்த்ததும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இடி நேராக ஆளுயரத்துக்கு நின்ற இரட்டை ஸ்பீக்கர் பக்கம் போனான். ஓரத்தில் நீலமும் சிவப்புமாக விளக்குகள் மினுக்கின.

"அண்ணி, இது எப்படி?"

"எங்க வச்சு வாசிக்கறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்டுல. சாமான் ரூம்."

"எவ்வளவு பெரிசு?"

இடி யோசித்தான். "வாஷிங் மெஷின் இருக்கு. இரும்பு பீரோ இருக்கு. ஏணி இருக்கு. மிச்ச இடத்துல நாங்க இருக்கோம்."

"அப்ப இதை உள்ள வச்சா நீங்க வெளியதான் நிக்கணும்."

மெக்கானிக் அதற்குள் கீழ்த்தட்டில் இருந்த சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்திருந்தான். தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. பள்ளிகளிலும் கூட்டங்களிலும் அறிவிப்புச் செய்ய வாங்குவார்கள். "இது போதும். விலையும் கம்மி" என்றான்.

"கூட ட்ரம்ஸ் ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இதுல பாடினா பாடறவங்க வாயசைக்கறதுதான் தெரியும்" என்றார் கடைக்காரர்.

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. கீபோர்டுக்குப் புது ஸ்டாண்டு வாங்கும்போது இந்தச் சிக்கனம் எங்கே போனது? அவனுடைய கஞ்சத்தனம் எல்லாம் அவள் குரலில் வந்துதான் முட்ட வேண்டுமா?

கடைக்காரர் உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே யாரோ வைத்திருந்தது. ஒரு மூலை தேய்ந்திருந்தது. "மைக்கை நேரா இதோட முதுகுல சொருகலாம். தனியா வேற எதுவும் வேணாம். ஸ்டாண்டுல தூக்கி வச்சா காது உயரத்துக்கு வரும். சின்ன ரூமுக்கு ஒண்ணு போதும். ரெண்டு வச்சா ரெண்டு பக்கமும் கூ-ன்னு கத்தும்."

மைக்கைச் சொருகி டீச்சரிடம் நீட்டினார்.

அவள் பாடவில்லை. கடையில் வைத்துப் பாடக் கூச்சம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மட்டும் சொன்னாள். சொன்னது அப்படியே திரும்பி வந்தது. 'மூணு'வின் முடிவில் அவள் மூச்சு நின்ற இடம்கூடக் கேட்டது. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்பத் தெளிவா இருக்கே" என்றான் மெக்கானிக்.

அதை அவன் சொன்ன விதத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு வருஷமா கடை வச்சிருக்கேன். தெளிவா இருக்குன்னு குறை சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

இடி சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. "பணம் கொடுக்க மனசு வரல, அதுக்கு ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள்.

நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. வேறு ஒருவனாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். மெக்கானிக் அந்த அறிவிப்புப் பெட்டியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான், அவ்வளவுதான்.

கடைக்காரருக்குப் பாவமாக இருந்ததோ, அல்லது விற்காத சரக்கு நகர்ந்தால் சரி என்று இருந்ததோ. "இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கும் வச்சுக்கங்க. பிடிச்சா வந்து பணம் கொடுங்க, பிடிக்கலேன்னா பெட்டியைக் கொடுங்க. ஆனா அந்தத் தம்பி தூக்க வேணாம்" என்றார். இடி அப்போதுதான் ஒரு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

*

மத்தியானம் சாமான் அறையில் புழுக்கம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜன்னலில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு ரொம்ப நாளாகிறது. காற்று வர வழியில்லை.

அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த அறையிலும் மேடையில் நிற்பதைப் போலவேதான் நிற்பார்கள். ட்ரம்ஸ் பின்னால், கீபோர்டு பக்கவாட்டில், டீச்சர் முன்னால், ஸ்பீக்கர் எல்லாருக்கும் முன்னால் கதவைப் பார்த்தபடி. கதவுக்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டியைத் தவிர யாரும் கிடையாது. இருந்தாலும் மேடை என்றால் மேடை. பழைய பெட்டியும் இவ்வளவு நாளாக அப்படித்தான் குப்பைத் தொட்டிக்குப் பாடிக்கொண்டிருந்தது.

இடி புதுப் பெட்டியையும் கதவைப் பார்த்து நிறுத்தப் போனான்.

"எதுக்கு அங்க திருப்பறே? கதவா பாடப் போகுது?" என்றாள் டீச்சர். "என்னைப் பார்த்துத் திருப்பு. வகுப்புல நான் சுவரைப் பார்த்துப் பேசினா பிள்ளைங்களுக்குக் கேக்குமா?"

இடி தலையைச் சொறிந்தான். "இவ்வளவு நாளா ஏன் அண்ணி இது யாருக்கும் தோணல?"

"தோணறதுக்கு மூளை வேலை செய்யணும். சாயங்காலத்துல இங்க யாருக்கு அது வேலை செய்யுது?"

பெட்டி அவள் முகத்துக்கு எதிரே, காது உயரத்தில் நின்றது. மைக்கின் வால் பக்கம் பெட்டியைப் பார்த்தது. மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டினார்கள். ஊளை வரவில்லை. இடியின் ட்ரம்ஸ் மேல் ஒரு துண்டை விரிக்கச் சொன்னாள். தன்னுடைய ஆண்மைக்கே இழுக்கு வந்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவன் விரித்தான்.

மெக்கானிக் கீபோர்டுக்குப் பின்னால் நின்றான். காலையிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை டீச்சர் கவனித்திருந்தாள். கடையில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்றும் நினைத்தாள். பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.

அவர்களே கட்டிய பாட்டு ஒன்று. மெதுவாகத் தொடங்கி, மூன்றாவது அடியில் மேலே ஏறும். நாளைக்கு மேனேஜர் முன்னால் முதலில் பாட வேண்டியது இதைத்தான்.

பாடினாள்.

முதல் அடியிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டது! அவள் குரல் அவளுக்கே கேட்டது. ட்ரம்ஸுக்கு மேலே ஏறிக் கத்த வேண்டியதில்லை, ஒரு காதைப் பொத்திக்கொண்டு தேட வேண்டியதில்லை. வார்த்தையின் கடைசி எழுத்து வரை வந்து சேர்ந்தது. இரண்டாவது அடியை அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தோள் இறங்கி, கழுத்து நரம்பு தளர்ந்து, நிம்மதியாகப் பாடினாள்.

மூன்றாவது அடி ஏறியது. ஏறிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பாதி காற்று, பாதி கரகரப்பு. நடுவில் சுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

நிறுத்தினாள். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதே இடத்தில்.

"கொஞ்சம் இறக்கிக் கொடுங்க."

மெக்கானிக் சுருதியை இறக்கிக் கொடுத்தான். பிளவும் கூடவே இறங்கி வந்தது.

இடி குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். "மைக் வயரா இருக்கும் அண்ணி" என்றான். வாய்த்துடுக்குக்குப் பேர் போனவன், பொய் சொல்லத் தெரியாமல் சொன்னான்.

"வயர் இல்ல தம்பி."

"இந்தப் பெட்டி நமக்கு ஒத்து வராது" என்றான் மெக்கானிக் அவசரமாக. "எல்லாத்தையும் பெரிசு பண்ணிக் காட்டுது. திருப்பிக் கொடுத்துடலாம். பழசே போதும், நாளைக்கு அதுலயே பாடு."

காலையிலிருந்து அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"சரி. பழசுலயே பாடிப் பார்க்கறேன்" என்றாள்.

"இப்ப வேணாம். களைச்சுப் போயிருக்கே."

"எப்ப களைக்காம இருந்தேன்?"

மைக்கைக் கழற்றிக்கொண்டு பழைய பெட்டியிடம் குனிந்தாள். அந்தப் பெட்டியின் பக்கம் அவள் வருவதே இல்லை. திருகுவது, சொருகுவது எல்லாம் எப்போதும் மெக்கானிக் வேலை. முகப்பில் குமிழ்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு குமிழின் மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. லிஃப்ட் வேலைக்கு அவன் பையில் எப்போதும் வைத்திருக்கும் வயர் டேப். ஓரங்களில் தூசி படிந்து பசை கறுத்திருந்தது. நேற்று முந்தாநாள் ஒட்டியது இல்லை.

"இது என்ன?"

அவன் குனிந்து கீபோர்டு வயரைச் சரிசெய்தான்.

இடி எட்டிப் பார்த்தான். "அது ட்ரெபிள் அண்ணி. வார்த்தையெல்லாம் கணீர்னு கேக்கறதுக்கு. அது வேலை செய்யல, தொட்டா ஷாக் அடிக்கும்னு அண்ணன்தான் ஒட்டி வச்சாரு."

டீச்சர் நகத்தால் டேப்பை உரித்தாள். குமிழ் அடிமட்டத்தில் இருந்தது. ஷாக் எதுவும் அடிக்கவில்லை. பெட்டியை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள், குமிழைப் பாதி வரை கூட்டினாள், மைக்கைச் சொருகி அந்த மூன்றாவது அடியைப் பாடினாள்.

குரல் தெளிவாக வந்தது. புதுப் பெட்டி அளவுக்கு இல்லை. ஆனால் போதுமான தெளிவு. அதே இடத்தில் அதே பிளவும் வந்தது.

இடிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, இந்தப் பெட்டி நல்லாத்தானே இருக்கு?"

மெக்கானிக் கீபோர்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள் டீச்சர்.

"உனக்கு அந்த இருமல் வந்துதே. அது போனதுக்கு அப்புறம்."

அது போன மழைக்காலம்.

"ஏன் சொல்லல?"

"நாள் முழுக்க முகம் வாடிப்போய் வர்றே. இந்த ரூமுக்குள்ள வந்தா மட்டும்தான் உன் முகம் தெளியும். இங்க வச்சு உன்கிட்ட அதை எப்படிச் சொல்றது?" அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ட்ரெபிளைக் குறைச்சேன். கரகரப்பு தெரியல. உனக்கும் தெரியல, இவனுக்கும் தெரியல. தன்னால சரியாயிடும்னு நினைச்சேன்."

கடையில் அவன் எடுத்த அறிவிப்புப் பெட்டி அவளுக்கு ஞாபகம் வந்தது. ரொம்பத் தெளிவா இருக்கே என்று அவன் சொன்னதும், நாலு பேர் முன்னால் அவள் பதிலுக்குச் சொன்னதும் ஞாபகம் வந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. புரிந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"எனக்கு என் குரல் கேக்கல" என்றாள் மெதுவாக. "கேக்கலேன்னு நான் கத்தினேன். தினமும் இங்க வந்து கத்தினேன். இருமலோட போயிருக்க வேண்டிய கரகரப்பு, கத்திக் கத்தியே தங்கிடுச்சு."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். எந்தக் கம்பி எத்தனை பாரம் தாங்கும், எங்கே தேயும், எப்போது அறுந்து விழும் என்று பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற மனிதன். இது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது தெரிந்தது. அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை.

எழுந்து மைக்கை மறுபடி புதுப் பெட்டியில் சொருகினாள். மைக்கை அவனிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க."

"என்ன?"

"என் குரல் எப்படி இருக்கு? இப்ப சொல்லுங்க. இதுல சொல்லுங்க."

"அண்ணி, விடுங்க" என்றான் இடி.

"நீ சும்மா இரு."

மெக்கானிக் மைக்கை வாங்கிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் மைக்கில் பேசியதே இல்லை. எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். அவள் அவன் கையைப் பிடித்து வாய்க்கு நேராக உயர்த்தினாள்.

"உன் குரல் உடைஞ்சிருக்கு" என்றான். "கெடுத்தது நான்தான்."

வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. கடைசியில் அவன் எச்சில் விழுங்கியதும் கேட்டது. அந்த அதிர்வில் துண்டுக்கு அடியில் சின்ன ட்ரம்மின் அடித்தோலில் கட்டிய கம்பிகள் சிலுசிலுத்தன. இடி கையை வைத்து அதை அமுக்கினான்.

டீச்சர் தரையில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டி, ஜன்னல் மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"நல்ல ஸ்பீக்கர்தான்" என்றாள். "வாங்கிடலாம்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாளைக்கு மேனேஜர் வந்து நிற்கும்போது அந்த மைக்கின் முன்னால் யார் நிற்பது என்ற கேள்வியை மூன்று பேரில் ஒருவரும் எடுக்கவில்லை. மைக் இன்னும் மெக்கானிக் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.